மீசை வைத்த மந்தைக்காரி

மகன், இதை அவசரப்படாமல் வாசி. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ பாடப்புத்தகத்தின் ஓரமெல்லாம் குதிரை வரைந்துகொண்டிருந்தாய். அதன் பலனை இப்போது அனுபவி. நாளைக்குக் காலை பெயிண்ட் வாளிகளை ஏற்றிக்கொண்டு, டப்போ நகரத்தையும் தாண்டி இருக்கிற அந்தச் சின்ன ஊருக்குப் போகிறாய். மூன்று மாதம் அங்கே தங்கி, ரயில் பாதை ஓரத்தில் நிற்கிற சைலோவில் படம் வரையப் போகிறாய். சைலோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அறுவடையான கோதுமையைக் கொட்டி வைக்கிற கொங்கிறீற் கோபுரம். நம் ஊர்க் கோயில் கோபுரங்கள் பல அதன் இடுப்புக்குத்தான் வரும். அந்த உயரத்தில் என் பிள்ளை தொங்கிக்கொண்டு வேலை செய்யப் போகிறது என்று நினைத்தால் எனக்குப் பயம்தான். அதைவிட அதிகமாய்ப் பெருமையாக இருக்கிறது.

இதை உன் கையில் கொடுக்காமல் ஏன் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன் என்று கேட்பாய். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் "எங்கள் பிள்ளைகள்" என்று ஒரு பகுதி வருகிறது. போன வருஷம் அதில் ஒரு இருதய வைத்தியரும் ஒரு வழக்கறிஞரும் வந்தார்கள். இந்த முறை செயலாளர் எனக்குப் போன் எடுத்து, "உங்கட மகன் படம் கீறுறவர் எண்டு கேள்விப்பட்டம், அன்ரி. அதைப் பற்றியும் ஒரு பக்கம் தந்தால் நல்லது" என்றார். அந்த "பற்றியும்" எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் நிற்காது, இடம் விட்டு வையுங்கோ என்று சொல்லிவிட்டேன். பிள்ளையை நாங்கள் டொக்டருக்குப் படிக்கச் சொல்லி அடித்தோம், அவன் அழுதுகொண்டே ஓவியனானான் என்கிற கதையை எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். நாங்கள் தடுக்கவே இல்லை. தடுத்திருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய் என்பது வேறு விஷயம்.

நாங்கள் இந்த நாட்டில் முதலில் குடியிருந்தது சிட்னியில் இல்லை. அப்பாவுக்கு முதல் வேலை கிடைத்தது வடமேற்கே பருத்தி விளைகிற ஒரு ஊரில், பஞ்சு பிரிக்கிற ஆலையின் இயந்திரங்களைத் திருத்துகிற வேலை. அந்த ஊரில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்து அழுவேன். நீ அதே வாசலில் நின்று, தெருவில் குதிரை ஏற்றிப் போகிற வண்டியையும் நாயையும் தூசியையும் பார்த்துச் சிரிப்பாய். பேச்சு முழுதாய் வராத வயதில் வேலி என்ற சொல்லையும் காற்றாடி என்ற சொல்லையும் சொல்லிவிட்டாய். பிறகு அப்பாவுக்கு சிட்னியில் வேலை கிடைத்து, கிரவீனில் இந்த வீட்டை வாங்கி, பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் வாங்குகிற சந்தோஷத்தில் நான் அந்த ஊரை மறந்தேன். நீ மறக்கவில்லை. வளர்ந்து, உனக்கென்று கார் வந்ததும் முதல் வேலையாய் மலைகளைத் தாண்டி அந்தப் பக்கம்தான் போனாய். செம்மறி ஆட்டு மயிர் வெட்டுகிற கொட்டிலுக்குள் வெட்டுகிறவர்களோடு நாள் முழுக்க இருந்து கீறிவிட்டு, ஆட்டு நாற்றத்தோடு வந்து என் புது மெத்தைக் கதிரையில் சாய்ந்து இருந்தாய். அந்தக் கதிரையைப் பின்பு எறிய வேண்டி வந்தது.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் ஒரு நாட்டுப்புறப் பத்திரிகைக்குக் கிழமைக்கு ஒரு சின்னப் படம்: உடைந்த வேலிப் படலை, மழைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற நாய். பிறகு சிறுவர் புத்தகங்கள். பிறகு பழைய காலத்துக் கதைப் புத்தகங்களின் அட்டைகள். பொன் தோண்டப் போனவர்கள், தபால் வண்டி ஓட்டியவர்கள், நூற்றுக்கணக்கான மாடுகளைக் குதிரையில் இருந்தபடி மாதக்கணக்காகச் சாய்த்துக்கொண்டு போன மந்தைக்காரர்கள். கலியாண வீடுகளில் ஆட்கள் அப்பாவிடம் கேட்பார்கள், மகன் இப்ப என்ன செய்யிறார் என்று. "குதிரை கீறுறார்" என்று அப்பா சொல்வார். அதைக் கேட்டவரின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்து, "அதுக்குக் காசும் குடுக்கினம்" என்று சேர்ப்பார். உன் அப்பாவின் பெருமை அந்த இரண்டு வசனத்துக்குள் அடங்கிவிடும். என்னுடையது அடங்காது.

இனி நான் நம் ஆட்களுக்கு இதுவரை விவரமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன், நீ கூச்சப்படாதே. நீ கண்ணால் பார்க்காத மனிதரை வரைய மாட்டாய். குதிரையில் குனிந்திருக்கிற ஆளை வரைய வேண்டுமானால் ஒரு ஆள் அப்படிக் குனிந்திருக்க வேண்டும், நீ அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரைவாய். சம்பளம் கொடுத்து ஆள் பிடிக்க ஆரம்பத்தில் உன்னிடம் வழியில்லை. அப்பாவைக் கேட்டாய். அப்பா ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பாரா? போன் அடிக்கும், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பார், மூக்குக் கடிக்கும், சொறிவார். அப்படியாகத்தான் நான் மந்தைக்காரன் ஆனேன். வீட்டுக்குப் பின் வளவில் அப்பா இரும்புச் சட்டத்தில் ஒரு குதிரை ஒட்டித் தந்தார். நாலு காலும் ஒரு முதுகும் மட்டும், தலை இல்லை. அதன் மேலே நீ பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த சேணம். அப்பாவின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருடைய தொப்பியை வைத்துக்கொண்டு, என் குளியல் அங்கியின் நாடாவைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி இருப்பேன். "அம்மா, தோளை இறக்குங்கோ. ரயேர்டா இருக்கோணும்" என்பாய். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்திவிட்டு வந்த பெண்ணுக்கு களைத்தமாதிரி இரு என்று சொல்லித் தர வேண்டியதில்லை, மகன்.

என் உயரத்தைக் கூட்டுவாய், நிறத்தைக் குறைப்பாய், மீசை வைப்பாய், வேலை முடிந்துவிடும். பொன் தோண்டினவன் நான். தபால் வண்டிக்காரன் நான். ஆற்றைக் கடக்கிறபோது விழுந்தவனும் நான்தான், அதற்காக அப்பா என் மேல் ஹோஸால் தண்ணீர் அடித்தார், தேவைக்கு மேல் அடித்தார். ஒரு நாள் பென்டில் ஹில் கடையில் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் பைக்குள் உன் அட்டைப் படம் போட்ட புத்தகம். அடக்க முடியாமல், "இந்தக் குதிரைக்காரன் நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

இப்போது அந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். அந்த ஊர்க்காரர் தங்கள் சைலோவில் ஒரு மந்தைக்காரனை வரைவிக்க விரும்பினார்கள். ஒரு காலத்தில் மாட்டு மந்தைகள் போன பாதை அந்த ஊருக்குள்ளால்தான் போனது. வரைகிறவர்கள் பலர் கேட்டார்கள், அவர்கள் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். உன் சிறுவர் புத்தகத்தில் வந்த ஒரு படம் அவர்களுக்குப் பிடித்திருந்தது: புழுதிக்கு நடுவில் ஒரு மந்தைக்காரன் கன்வஸ் துணியில் தைத்த தண்ணீர்ப்பையைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறான். நல்ல வெயில் நாளில் நீ என்னிடம் அந்தப் பையைத் தந்து, "சும்மா குடியுங்கோ அம்மா" என்று சொல்லி எடுத்த படம். அதையே சைலோவில் பெரிதாக்கி வரைய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்து எல்லாருக்கும் காட்டி, கை உயர்த்தி முடிவு எடுப்பது அவர்கள் வழக்கம். நீ வரச் சொல்லாமலே அப்பாவும் நானும் உன்னோடு வந்தோம். உன் வாழ்க்கையில் அதுவரை வந்ததில் மிகப் பெரிய வேலை அது. அதை நீ சொல்லவில்லை, ஆனால் வழி முழுக்க நீ ரேடியோ போடாததில் எனக்குத் தெரிந்தது.

மண்டபத்தில் கொமிற்றித் தலைவி மார்கரெட் விளக்கை அணைத்தார். சுவரில் உன் படம் விழுந்தது. புத்தகத்தில் என் உள்ளங்கை அளவுக்குப் பார்த்த படம், இப்போது ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. எல்லாரும் "ஆ" என்றார்கள். யாரோ, தாகம் என்றால் இதுதான் என்றார். நான் மட்டும் அவனுடைய வாயைப் பார்த்தேன். அந்த மனிதன் தலையை அண்ணாந்து, பையை உயர்த்திப் பிடித்து, வாய் படாமல் தண்ணீரை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். நம் வீட்டில் செம்பிலும் போத்தலிலும் எல்லாரும் குடிக்கிறோமே, அப்படி. புழுதிக் காட்டில், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கிற இடத்தில், எந்த மந்தைக்காரன் அப்படிக் குடிப்பான்? நான் உன் காதில், "மகன், அந்த மனிசன் எங்களை மாதிரியெல்லே குடிக்குது" என்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். எத்தனையோ நாள் அந்தப் படத்தோடு இருந்தவன் நீ. நம் வீட்டில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு அது பிழையாகத் தெரிந்தே இருக்கவில்லை. "ஓம் அம்மா" என்றாய், அவ்வளவுதான்.

அந்த மண்டபத்தில் வேறு ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கை உயர்த்தச் சொல்ல மார்கரெட் எழுந்துவிட்டார். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வேலை உன்னுடையது. சொன்னவள் நானே, இருந்தும் அந்த நேரத்தில் உன் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன், பிறகு தனியாகச் சொல்லலாம் என்று. நீ எழுந்து நின்றாய். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, நான் என் தமிழில் எழுதுகிறேன். இந்தப் படத்தில் ஒரு பிழை இருக்கிறது, உங்கள் ஆட்கள் யாரும் இப்படிக் குடித்திருக்க மாட்டார்கள், எங்கள் வீட்டில்தான் இப்படிக் குடிப்போம், இந்த மந்தைக்காரன் உண்மையில் என் அம்மா, அதோ இருக்கிறார் என்றாய். முழு மண்டபமும் என் பக்கம் திரும்பியது. மார்கரெட் என்னை மேலும் கீழும் பார்த்தார், சுவரில் இருந்த மீசையைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். பிறகு, எப்படிக் குடிப்பீர்கள், காட்டுங்கள் என்று மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியை நீட்டினார். நான் விடுவேனா? எழுந்து, அண்ணாந்து, ஒரு சொட்டுக்கூடச் சேலையில் சிந்தாமல் பாதிச் சாடியைக் குடித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். இப்படியே வரையுங்கள், இதில் ஒரு கதை இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

கைதட்டாமல் இருந்தவர் ஒருவர். பின் வரிசையில் இருந்த ரூபி அன்ரி. அந்த மண்ணின் ஆதிக்குடி மக்களில் ஒருவர், என் வயதுதான் இருக்கும். அவர்களும் நம்மைப் போலவே பெரியவர்களை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஊர் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். "ஏன் வாய் படக்கூடாது?" என்று என்னைக் கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். "சுத்தம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "என்ர அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னவை" என்றார். அவருடைய தகப்பன் இளவயது முழுக்க அந்தப் பாதையில் மாடு சாய்த்தவராம், குதிரை ஓட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். ஆனால் மற்றவர்கள் குடிக்கிற பையில் அவர் வாய் வைக்க முடியாது. அவருடைய சேணத்தில் ஒரு தகரக் குவளை, நாங்கள் பேணி என்கிறோமே, அது தனியாகக் கட்டியிருக்குமாம், அதற்குள் ஊற்றுவார்களாம். அந்தத் தனிப் பேணியை எனக்கும் தெரியும். நம் ஊரில் அது பின் தாழ்வாரத்தில் தொங்கியது, யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும், அதற்கும் காரணம் கேட்டால் சுத்தம் என்றுதான் சொல்வார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

நீ இருக்கவில்லை. ரூபி அன்ரியைப் பார்த்து, உங்களுக்குச் சம்மதமென்றால் அந்த மனிதரையும் அந்தப் பேணியையும் நான் வரைகிறேன் என்றாய். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். உடனே முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். நாங்கள் கேட்டது வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிற சந்தோஷமான படம், ஊர்ச் சண்டையைச் சுவரில் எழுதச் சொல்லவில்லை என்றார். இன்னும் சிலர் அவர் பக்கம். மார்கரெட் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டார்.

திரும்பி வருகிற வழியில் நான் உன்னை ஏசினேன், நினைவிருக்கும். "ஒரு பிழையைச் சொன்னது காணாதே? கையில தந்த வேலையை நீயே தட்டி விடுறியே" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. என்னைப்போல ஒருத்தி தண்ணீர் குடிக்கிற விதம் அவுஸ்திரேலியாவின் நடுவில் வானத்துக்கு நிற்கப் போகிறது, இத்தனை கை தட்டுகிறார்கள், அதை ஏன் மாற்ற வேண்டும்? நீ சொன்னாய்: "அம்மா, அது அவையின்ர சுவர். எங்கட பழக்கத்தை அவையின்ர வாயில வைச்சால் அது பொய். பேணி இருந்தது. அதைக் கீறாட்டி அதுவும் பொய்." "வேலை போனால்?" "போகட்டும், ஐ ஜஸ்ட் கான்ற் டூ இற், என்னால ஏலாது." நான் மறுபடி தொடங்க, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ, கங்காரு பாயிற நேரம்" என்றார். பிறகு வீடு வரும்வரை நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தேன். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். பாதி வழியிலேயே கோபம் போய்விட்டது. என் கையால் ஊட்டி வளர்த்த பிள்ளை எனக்குப் பயந்து கூட ஒரு பொய்க் கோடு கீறாது என்று தெரிந்த பிறகு எனக்கு எங்கே கோபம் நிற்கும்? அதை உன்னிடம் சொல்ல ரோஷம் விடவில்லை.

அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் அவ்வளவு தூரம் ஓட்டிப் போய் ரூபி அன்ரியின் குசினியில் அடுப்படியில் இருந்தாய். அவர் தகப்பனின் ஒரே ஒரு போட்டோவைக் காட்டினார். சம்மதம் என்றார், ஒரு நிபந்தனையோடு: "அவரை வெறுங்காலோட கீறாதே. அவரிட்ட நல்ல சப்பாத்து இருந்தது." நீ வந்து இதைச் சொன்னபோது அப்பா எழுந்து போய்த் தன் பழைய வேலைச் சப்பாத்தைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார், மாதிரிக்கு உதவும் என்று. அடுத்த கூட்டத்துக்கு நீ புதுப் படத்தைப் பென்சிலால் மட்டும் கீறிக் கொண்டுபோனாய். மந்தைக்காரன் பையில் வாய் வைத்துக் குடிக்கிறான். அவனுக்குப் பக்கத்தில், அவனைவிட நிமிர்ந்து, நல்ல சப்பாத்தோடு ஒருவர் வெறும் பேணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. கொமிற்றி அன்றும் முடிவு சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருக்க உனக்குப் போன் வந்தது. வைத்துவிட்டு, "ஓகேயாம் அம்மா. கொஞ்சப் பேர் எதிர்த்தவையாம். பேணி இருக்கட்டுமாம்" என்றாய். அப்பா வெளியே போய்க் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டார். காலையில்தான் விட்டிருந்தார்.

வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும், சொல்கிறேன். பாதுகாப்புப் பட்டி கட்டாமல் ஏறாதே. கட்டினேன் என்று போனில் சொன்னால் நம்ப மாட்டேன், மார்கரெட்டிடம் கேட்பேன். காற்று அடிக்கிற நாளில் இறங்கி இரு. அந்த முன் வரிசை மனிதர் நாள்தோறும் வந்து கீழே நின்று பார்ப்பார், அவரோடு சண்டை போடாதே, தேத்தண்ணீர் கொடு. அவரும் தன் தாத்தாவைத்தான் அந்தச் சுவரில் தேடுகிறார். யாராவது புகழ்ந்தால் குனிந்து சப்பாத்தைப் பார்க்காதே, நன்றி சொல். வேலைக்குத் தகுந்த காசைக் கேட்டு வாங்கு, உன் அப்பாவைப் போல முகத்தாட்சணியம் பார்க்காதே. அந்த மண்ணைப் பற்றி யாராவது உன்னைக் கெட்டிக்காரன் என்றால், ரூபி அன்ரியின் குசினியைக் காட்டு, நீ படித்தது அங்கேதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதி முடிக்கிறேன். ரூபி அன்ரி நமக்குக் கிட்ட, மவுண்ட் ட்ரூயிட்டில் இருக்கிற மகளைப் பார்க்க வந்திருந்தார். சைலோப் படத்துக்குத் தகப்பனாக வேறொரு ஆள் நிற்க அவருக்கு மனமில்லை, தானே நிற்கிறேன் என்று சொல்லித் தகப்பனின் தொப்பியோடு நம் பின் வளவுக்கு வந்தார். இரண்டு கிழவிகள் காற்சட்டை போட்டுக்கொண்டு, தலையில்லாத இரும்புக் குதிரைக்குப் பக்கத்தில். அப்பா வெளிச்சத்துக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு அசையவே இல்லை. நான் பையின் வாயை இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொதுப் பாத்திரத்தில் வாய் வைத்தேன். தண்ணீரில் கன்வஸ் மணம். "அம்மா, அவவைப் பாக்காதேங்கோ. பக்கத்தில ஆள் நிக்கிறது உங்களுக்குத் தெரியாது" என்றாய். நான் பார்க்கவில்லை. அவர் வெறும் பேணியோடு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார், மூச்சு எனக்குக் கேட்டது. நல்ல வெயில். நீ எடுத்துக்கொண்டே இருந்தாய். எனக்கு அழுகை வந்தது, மந்தைக்காரன் அழமாட்டான் என்று அடக்கினேன்.

முடிந்தது என்று நீ சொன்னதும் ரூபி அன்ரி பேணிக்குள் எட்டிப் பார்த்தார். "இதில ஒண்டும் இல்லை" என்று சொல்லி அதைச் சேணத்தின் மேல் வைத்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினார். நான் பையைக் கொடுத்தேன். அவர் வாய் வைத்து, ஆறுதலாக, வேண்டியமட்டும் குடித்தார். குடித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். எனக்கும் தாகம் இருந்தது. நான் துடைக்கவில்லை, கழுவவில்லை, அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன். அப்பா விரிப்பைக் கீழே விட்டுவிட்டு என்னையே பார்த்தார். உன் கழுத்தில் கமெரா, உன் விரல் அதன் மேலேயே இருந்தது. எடுத்திருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் வடிவான படம், அந்த ஊர் மறுபேச்சில்லாமல் அதைச் சைலோவில் ஏற்றியிருக்கும், முன் வரிசை மனிதர்கூடக் கை தட்டியிருப்பார். ஆனால் மந்தைகள் போன அந்தப் பாதையில் அப்படி நடக்கவில்லை. நீ கமெராவை இறக்கிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ வரைந்த அத்தனை படத்திலும் எனக்குப் பெருமைதான் மகன், நீ எடுக்காமல் விட்ட அந்த ஒன்றில்தான் கூடப் பெருமை. கவனமாகப் போய் வா.

அம்மா